வட்டுக்குள்ளே ஒரு வரப்பு

2025 ஜூன் மாதம். பள்ளிகள் திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. திருநெல்வேலி டவுணில் ரத வீதிக்குப் பின்னால் உள்ள அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். பிளஸ் டூ படிக்கும் அக்காள் மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் லேப்டாப்; முகத்தில் அழுகை.

"ஃபார்மேட் போட்டாத்தான் சரியாவும்னு கடைக்காரரு சொல்லுதாரு மாமா. உள்ள இருக்கிறதெல்லாம் போயிருமாம். ஆச்சி பேசினது பூராவும் அதுலதான் இருக்கு."

நடந்தது இதுதான். அது அவள் அண்ணன் பயன்படுத்திய பழைய மடிக்கணினி. பேட்டரி எப்போதோ உயிரை விட்டுவிட்டது. மின்சாரக் கம்பியைச் செருகினால்தான் ஓடும். இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மறுபடி போட்டபோது திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின, சுற்றிக்கொண்டே இருந்தன. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அதற்குள்ளே 14 ஒலிப்பதிவுகள் இருந்தன. பள்ளிச் செயல்திட்டம் ஒன்றுக்காக ஆச்சியை உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்தவை. கார் பருவத்தில் என்ன நட்டார்கள், பிசானத்தில் என்ன நட்டார்கள், நயினார்குளம் நிறைந்த ஆண்டுகளில் டவுண் எப்படி இருந்தது என்றெல்லாம் ஆச்சி சொல்லியிருந்தார்கள். முந்தைய ஐப்பசியில் ஆச்சி காலமானார்கள். அந்தப் பதிவுகளுக்கு வேறு நகல் கிடையாது.

கடைக்காரர் சொன்னது பொய் அல்ல. ஃபார்மேட் செய்து இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டால் லேப்டாப் ஓடத்தான் செய்யும். ஆனால், எதை ஃபார்மேட் செய்வது? எவ்வளவு இடத்தை? எப்போது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் அழ வேண்டியதில்லை. மாணவ நண்பர்களே, அந்த விடைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுழலும் தட்டு

மடிக்கணினியின் ஹார்டு டிஸ்க் உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உலோகப் பெட்டி. உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. தட்டின் மேல் மிக மெல்லிய காந்தப் பூச்சு. ஒரு கை தட்டின் குறுக்கே போய் வரும். அதன் நுனியில் உள்ள தலை காந்தக் குறிகளை எழுதும், படிக்கும். தலை தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில், தட்டோடு சுழலும் காற்றின் மேல் மிதக்கிறது. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு!

ஒரு சிறு கணக்குப் போடுவோமா? மடிக்கணினித் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கின்றன. அதாவது, வினாடிக்கு 90 முறை. தட்டின் விட்டம் சுமார் 6.5 சென்டிமீட்டர். சுற்றளவு சுமார் 20.4 சென்டிமீட்டர். 90-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 18 மீட்டருக்கு மேல் வருகிறது. தட்டின் ஓரம் மணிக்கு சுமார் 66 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது! ஓடும் லேப்டாப்பைத் தூக்கிப் போடாதே, தட்டாதே என்று பெரியவர்கள் சொல்வது ஏன் என்று இப்போது புரிகிறதா?

முதல் ஹார்டு டிஸ்க் 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்திடமிருந்து வந்தது. 61 சென்டிமீட்டர் விட்டமுள்ள 50 தட்டுகள். எடை ஏறக்குறைய ஒரு டன். அதில் 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும். ஓர் எழுத்துக்கு 6 பிட். இன்றைய கணக்கில் 3.75 எம்.பி. ஆச்சியின் பேச்சில் நான்கு நிமிடம்கூட அதில் அடங்கியிருக்காது.

தட்டின் மேல் எழுதும் இடம் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் செக்டார் என்று பெயர். பழைய வட்டுகளில் ஒரு செக்டாருக்கு 512 பைட். அண்மைக்கால வட்டுகளில் 4096 பைட். ஒவ்வொரு செக்டாருக்கும் ஒரு வரிசை எண் உண்டு. கணினிக்குத் தெரிந்ததெல்லாம் இந்த எண்தான்.

எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகை நினைவகத்தில் தட்டும் இல்லை, சுழற்சியும் இல்லை, எல்லாம் சில்லுகளே. ஆனாலும் அதுவும் வரிசை எண்ணிட்ட துண்டுகளாகவே தன்னைக் கணினிக்குக் காட்டிக்கொள்கிறது. ஆகவே, இனி நாம் பார்க்கப்போவது இரண்டுக்கும் பொருந்தும்.

பட்டாவும் அடங்கலும்

என் அத்தானுக்கு நெல்லைக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் உண்டு. சுத்தமல்லி அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் கால்வாய் அது. வயலைப் பற்றி அவருக்குத் தெரிந்த மூன்று சொற்களை வைத்தே ஹார்டு டிஸ்க்கை விளக்கிவிடலாம்.

முதலாவது, வரப்பு. ஒரே நிலத்தில் வரப்புப் போட்டு இரண்டு வயலாக்கினால் ஒன்றில் நெல் போடலாம், மற்றதில் வாழை வைக்கலாம். ஒன்றை உழும்போது மற்றதைத் தொட வேண்டியதில்லை. ஒரே வட்டை இப்படிப் பல பகுதிகளாகப் பிரிப்பதுதான் பார்ட்டிஷன்.

இரண்டாவது, பட்டா. எந்த நிலம், எவ்வளவு, அது யாருடையது என்பது பட்டாவில் இருக்கும். வட்டிலும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. இந்த செக்டார் முதல் அந்த செக்டார் வரை முதல் பகுதி, அதற்கு அடுத்தது இரண்டாம் பகுதி என்று எழுதி வைத்திருக்கும் பகுப்பு அட்டவணை அது.

மூன்றாவது, அடங்கல். எந்த வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிவைக்கும் கணக்கு. வட்டின் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் இப்படி ஓர் அடங்கல் இருக்கிறது. 'ஆச்சி-9 என்ற கோப்பு இன்னின்ன செக்டார்களில் இருக்கிறது' என்பது அதில் இருக்கும். இதற்குக் கோப்பு முறைமை என்று பெயர். விண்டோஸ் பயன்படுத்துவது என்.டி.எஃப்.எஸ். என்னும் வகை, லினக்ஸ் பெரும்பாலும் எக்ஸ்ட்-4 என்னும் வகை, பென் டிரைவில் ஃபேட்-32 போன்ற வகைகள்.

ஃபார்மேட் என்றால் என்ன என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். விரைவு ஃபார்மேட் பழைய அடங்கலைக் கிழித்துவிட்டு வெறும் அடங்கல் ஒன்றை வைக்கிறது. வயலில் பயிர் அப்படியே நிற்கும். ஆனால் கணக்கில் 'தரிசு' என்று இருக்கும். பிறகு புதிய இயங்குதளம் வந்து 'தரிசு' நிலத்தில் நடத் தொடங்கும்போதுதான் பழைய பயிர் உண்மையாகவே அழிகிறது. முழு ஃபார்மேட் என்பது வேறு. விண்டோஸ் விஸ்டா முதல் அது பகுதி முழுவதிலும் சுழியத்தை எழுதிவிடுகிறது. பயிரோடு உழுதுபோட்டது போல!

எஸ்.எஸ்.டி.யில் நிலைமை இன்னும் கடுமை. கணக்கில் தரிசு என்று ஆனதுமே, அந்த இடங்களை விட்டுவிடலாம் என்று இயங்குதளம் எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லிவிடும், அது தானே துடைத்துக்கொள்ளும். 'அழிந்ததை அப்புறம் மீட்டுக்கொள்ளலாம்' என்று எண்ணியிருக்கக் கூடாது.

முதல் 512 பைட்

பட்டா வட்டில் எங்கே இருக்கிறது? 1983-இல் ஐ.பி.எம். கணினிகளுக்கான டாஸ் 2.0 வந்தபோது ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு முறை வகுக்கப்பட்டது. வட்டின் முதல் செக்டாரிலேயே எல்லாம்! அதன் 512 பைட்டில் 446 பைட் தொடக்க நிரலுக்கு. 64 பைட் பட்டாவுக்கு. மீதி 2 பைட் முத்திரைக்கு. முத்திரையின் எண்கள் 85, 170. கூட்டிப் பாருங்கள்; 512 வருகிறதா?

ஒரு பகுதியைக் குறிக்க 16 பைட் வேண்டும். ஆகவே 64 பைட்டில் நான்கே பகுதிகள். இந்த முறையில் முதன்மைப் பகுதிகள் நான்குக்கு மேல் வைக்க முடியாததற்குக் காரணம் இதுதான். செக்டார் எண்ணை எழுதக் கிடைத்த இடமோ 32 பிட். 2-ஐ 32 முறை பெருக்கி, 512-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.2 லட்சம் கோடி பைட். அதற்கு மேற்பட்ட நிலத்துக்கு இந்தப் பட்டாவில் எண்ணே இல்லை!

ஆகவே, இன்றைய கணினிகளில் ஜி.பி.டி. என்னும் புதிய அட்டவணை இருக்கிறது. வழக்கமாக 128 பகுதிகளுக்கு இடம் உண்டு. இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. பட்டாவின் நகல் ஒன்று வட்டின் கடைசியிலும் எழுதி வைக்கப்படுகிறது. முன்னது சிதைந்தால் பின்னதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

விண்டோஸில் முதல் பகுதிக்கு 'சி' என்று பெயர் வந்தது ஏன் தெரியுமா? 'ஏ', 'பி' இரண்டும் பிளாப்பி டிரைவுகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. பிளாப்பி போய்விட்டது, பெயர் போகவில்லை.

தடி போட்டால்தான் தேர் நகரும்

அதற்கு அடுத்த மாதம் ஆனித் தேரோட்டம். நெல்லையப்பர் தேரை வடம் பிடித்து இழுப்பதற்கு ஆயிரம் கைகள் இருந்தாலும், பின் சக்கரத்தில் தடி போட்டு நெம்பி முதல் அசைவைக் கொடுத்தாக வேண்டும். அதைப் பார்த்தவர்களுக்குக் கணினி விழித்தெழும் கதை எளிதில் விளங்கும்.

பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையில் உள்ள ஒரு சில்லு முதலில் கண் விழிக்கிறது. திரை, விசைப்பலகை, வட்டு எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. பிறகு வட்டில் ஒரு சிறிய தொடக்க நிரலைத் தேடுகிறது. தடி போடுபவர் இவர்தான். இந்தச் சிறு நிரல் இயங்குதளத்தின் கருவை நினைவகத்துக்குள் ஏற்றுகிறது. அதன் பிறகே தேர் நகர்கிறது.

அக்காள் மகளின் லேப்டாப்பில் சில்லு நன்றாக இருந்தது. தடி போடுபவரும் இருந்தார். நடுவில் மின்சாரம் நின்றதால் இயங்குதளத்தின் கோப்புகள் பாதி புதியனவாகவும் பாதி பழையனவாகவும் கிடந்தன. தேர்ச் சக்கரத்தில்தான் கோளாறு. ஆச்சியின் பேச்சுக்கும் இந்தக் கோளாறுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

"அப்படின்னா அது டி-யில இருந்தா தப்பிச்சிருமா மாமா?"

"தப்பிச்சிரும்மா. நீ எங்க வச்சிருந்த?"

"டெஸ்க்டாப்ல."

அங்கேதான் சிக்கல். டெஸ்க்டாப் என்பது தனி இடம் அல்ல. அது 'சி' பகுதிக்குள் பயனர் பெயரில் உள்ள ஓர் அறை. 'சி'-யை ஃபார்மேட் செய்தால் டெஸ்க்டாப்பும் சேர்ந்தே போகும். அதுமட்டுமல்ல, அந்த லேப்டாப்பில் 'டி' என்று ஒன்று இருக்கவே இல்லை. 500 ஜி.பி. வட்டு முழுவதும் வரப்பே இல்லாத ஒரே வயல்.

இங்கே ஓர் இடைக்கேள்வி. பெட்டியில் 500 ஜி.பி. என்று அச்சிட்டிருக்கிறது, கணினியோ 465 என்று காட்டுகிறது. மீதியை யார் எடுத்தார்கள்? யாரும் எடுக்கவில்லை. வட்டு செய்பவர்கள் ஒரு ஜி.பி.யை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் என்று கணக்கிடுகிறது. 500-ஐ 1.0737-ஆல் வகுத்துப் பாருங்கள்!

பென் டிரைவிலிருந்து விழித்த கணினி

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைப் பாளையங்கோட்டையில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். காரணம், என் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. பேட்டரி செத்த லேப்டாப்பில் வட்டு வேலை செய்யும்போது இரண்டாம் முறையும் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா?

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஒரு வசதி இருக்கிறது. வட்டைத் தொடாமலே பென் டிரைவிலிருந்து அதை ஓட்டலாம். இணையத்திலிருந்து அதன் நிழற்கோப்பை இறக்கி, பென் டிரைவில் எழுதிக்கொண்டேன். சாதாரணக் கோப்பைப் போல நகல் எடுத்துப் போட்டால் அது விழிக்காது. அதற்கென உள்ள ரூஃபஸ் போன்ற ஒரு நிரலைக்கொண்டு எழுத வேண்டும். லேப்டாப்பைப் போட்டவுடன் எஃப்-12 விசையை அழுத்தினேன். எதிலிருந்து விழிப்பது என்று கேட்டது; பென் டிரைவைக் காட்டினேன். இந்த விசை எல்லா லேப்டாப்பிலும் ஒன்றாக இருக்காது. எஃப்-2, எஃப்-9, எஸ்கேப் என்று மாறும்.

இரண்டு நிமிடத்தில் திரை வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், பட்டா நலம், அடங்கலும் நலம். டெஸ்க்டாப்பில் 'ஆச்சி' என்ற அறை. அதற்குள் 14 கோப்புகள். அக்காள் மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

விண்டோஸ் சரியாக அணையாமல் நின்றுபோனதால், லினக்ஸ் அந்தப் பகுதியைப் 'படிக்க மட்டும்' என்ற முறையில்தான் திறந்தது. அது நமக்கு நல்லதே. மீட்கும்போது பழைய வட்டில் ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது என்பதுதான் முதல் விதி.

மொத்தம் 60 ஜி.பி. கோப்புகளை வெளியிலிருந்து இணைத்த வட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. வினாடிக்கு 25 எம்.பி. வீதம் போனது. 60,000-ஐ 25-ஆல் வகுத்தால் 2400 வினாடி. 40 நிமிடம்.

கால் வினாடி

பதிவுகளில் எட்டு வரை ஒழுங்காக வந்தன. ஒன்பதாவதில் நின்றுவிட்டது. 'உள்ளீட்டுப் பிழை' என்றது கணினி. வட்டிலிருந்து 'டிக், டிக்' என்று சிறு ஓசை. தலை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் படிக்க முயல்கிறது என்று பொருள்.

ஒவ்வொரு வட்டும் தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் நாட்குறிப்பு ஒன்றைத் தனக்குள் வைத்திருக்கிறது. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். அதைத் திறந்து பார்த்தேன். 'ஐயத்துக்குரிய செக்டார்கள்: 8' என்று இருந்தது. எட்டு என்பது பயமுறுத்தும் எண்ணல்ல. 512 பைட் கணக்கில் எட்டு என்றால் 4096 பைட். அதாவது, தட்டில் உள்ளது ஒரே ஒரு புதுவகைச் செக்டார்தான்.

படிக்க முடியாத ஒரு துண்டுக்காக மொத்தக் கோப்பையும் சாதாரண நகல் முறை கைவிட்டுவிடும். டி.டி.ரெஸ்க்யூ என்னும் நிரல் அப்படிச் செய்யாது. படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளும். கெட்ட இடத்தைத் தாண்டிப் போகும். கடைசியில் திரும்பி வந்து கெட்ட இடத்தை மட்டும் மறுபடி முயலும். அதை ஓட்டினேன். கோப்பு வந்தது. நடுவில் 4096 பைட் மட்டும் வரவே இல்லை.

4096 பைட் என்பது எவ்வளவு பேச்சு? அது எம்.பி.3 வகைப் பதிவு. வினாடிக்கு 128 கிலோபிட், அதாவது 16,000 பைட். 4096-ஐ 16,000-ஆல் வகுத்தால் 0.256. கால் வினாடி!

அக்காள் மகள் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டாள். ஆச்சி பிசான அறுவடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் ஒரு சொல்லின் நடுவே 'டுக்' என்று ஒரு வெட்டு. அவ்வளவுதான். பேச்சு தொடர்ந்தது. அவள் அதை இரண்டு முறை கேட்டாள். பிறகு மீதி ஐந்தையும் எடுத்தோம்.

வரப்பை நகர்த்துவது எப்படி?

இப்போது எல்லாம் வெளி வட்டில் இருக்கின்றன. என் கணினியிலும் ஒரு நகல் போட்டேன். பதினான்கையும் திறந்து, தொடக்கம், நடு, கடைசி என்று கேட்டுச் சரிபார்த்தோம். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. நகல் எடுத்தேன் என்பது வேறு. எடுத்த நகல் திறக்கிறது என்பது வேறு.

சில சமயம் வட்டைத் துடைக்காமலே, பயிர் நிற்கும்போதே வரப்பை நகர்த்த வேண்டியிருக்கும். அதுவும் முடியும். 'சி' பகுதி 465 ஜி.பி.; நிறைந்திருப்பது 120 என்று வையுங்கள். அதை 200-ஆகச் சுருக்கலாம். ஆனால், அந்த 120-ம் முன்பக்கம் வரிசையாக அடுக்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு துண்டு கடைசி ஓரத்திலும் கிடக்கலாம். ஆகவே ஜிபார்ட்டட் போன்ற நிரல்கள் மூன்று படியாக வேலை செய்கின்றன. முதலில், கடைசியில் கிடப்பவற்றை முன்னே கொண்டுவருகின்றன. இரண்டாவதாக, அடங்கலில் 'என் எல்லை 200 வரைதான்' என்று திருத்துகின்றன. மூன்றாவதாகத்தான் பட்டாவில் எல்லையை மாற்றுகின்றன. பெரிதாக்கும்போது இந்த வரிசை தலைகீழ்: பட்டா முதலில், அடங்கல் பிறகு.

வயலின் கடைசி வரப்பை நகர்த்துவது எளிது. முதல் வரப்பை நகர்த்துவது கடினம். ஏனென்றால், பகுதியின் தொடக்கமே மாறினால் உள்ளே இருப்பது அத்தனையையும் பிடுங்கி நட வேண்டும். மணிக்கணக்கில் ஆகும், நடுவில் கரண்ட் போனால் பாதி நாற்று அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம்!

எங்களுக்கு இந்தச் சிரமம் தேவைப்படவில்லை. நகல் இருந்ததால் வட்டையே வெறும் நிலமாக்கத் துணிந்தோம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மின்சாரம் நின்ற கணத்தில் அரைகுறையாக எழுதப்பட்ட செக்டாரும் படிக்க முடியாமல் போகலாம். அது தட்டின் காயமாக இருக்க வேண்டியதில்லை. மேலே புதிதாக எழுதினால் சரியாகிவிடும். உண்மையான காயமானால் வட்டு தானே அந்த இடத்தை ஒதுக்கிவைத்து, சேமிப்பிலுள்ள வேறொரு செக்டாரைக் கொடுக்கும். எது என்று தெரிய வேண்டுமானால் முழு வட்டிலும் எழுதிப் பார்க்க வேண்டும்.

"அமுக்கட்டுமா மாமா?" என்று கேட்டாள்.

"பதினாலும் கேட்டாச்சா?"

"கேட்டாச்சு."

"அப்ப அமுக்கு."

வட்டு முழுவதும் சுழியம் எழுதி முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாட்குறிப்பைப் பார்த்தோம். ஐயத்துக்குரிய செக்டார்கள் 8 என்றிருந்தது 0 ஆகியிருந்தது. ஒதுக்கப்பட்டவை எண்ணிக்கையும் 0. காயம் இல்லை. அந்த எண் கூடியிருந்தால் வட்டை மாற்றிவிடச் சொல்லியிருப்பேன்.

தாளில் போட்ட வரப்பு

கணினியைத் தொடுமுன் ஒரு தாளில் கணக்குப் போடச் சொன்னேன். அவள் எழுதியது இது:

தொடக்க நிரலுக்கும் சிறு தேவைகளுக்கும்: 1 ஜி.பி.
விண்டோஸ்: 150 ஜி.பி.
லினக்ஸ்: 64 ஜி.பி.
என் பொருள்கள்: 250 ஜி.பி.
மொத்தம்: 465 ஜி.பி.

இரண்டு இயங்குதளம் எதற்கு? தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது புதிதல்ல. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்காக எல்காட் நிறுவனம் வாங்கிய கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. உங்கள் அண்ணன், அக்காளிடம் அப்படி ஒன்று இருந்தால் போட்டுப் பாருங்கள். எதில் நுழைவது என்று கேட்கும். பாஸ் என்பது சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கென உருவாக்கிய இயங்குதளம். முதல் பதிப்பு 2007-இல் வந்தது. மேல்நிலை முதலாண்டுக் கணினிப் பாடத்திலும் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஓடுவதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு போன்றவை வேண்டும். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அவை இல்லை. அவற்றைத் தூக்கி எறிய வேண்டுமா? லினக்ஸ் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் பாடத்துக்கு உழைக்கும்.

நடுகைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ். விண்டோஸ் நிறுவப்படும்போது, தன்னுடைய தடி போடுபவரையே முதலில் நிற்க வைக்கும். பின்னால் வரும் லினக்ஸ் இருவரையும் கண்டறிந்து, எதை நகர்த்துவது என்று நம்மைக் கேட்கும் ஏற்பாட்டைச் செய்துவிடும். வரிசை மாறினால் லினக்ஸ் வட்டில் இருந்தும் வழி தெரியாமல் போகலாம். கெட்டுவிடாது; பென் டிரைவிலிருந்து விழிக்கச் செய்து சரிப்படுத்தலாம்.

நிறுவும்போது 'எந்தப் பகுதியில்?' என்று ஒரு திரை கேட்கும். முழுக் கவனமும் வேண்டிய இடம் இது ஒன்றுதான். தாளில் எழுதிய அளவையும் திரையில் தெரியும் அளவையும் ஒப்பிட்ட பிறகே சரி என்று சொல்ல வேண்டும். 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவு' என்ற வழி எளிதாகத் தெரியும்; மற்ற பகுதிகளும் அதோடு போகும்.

மாலை ஆறு மணிக்கு இரண்டும் ஓடின. 250 ஜி.பி. பகுதியில் 'ஆச்சி' என்ற அறை திரும்பவும் வந்தது. இனி விண்டோஸ் எத்தனை முறை கெட்டாலும், எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும், வரப்புக்கு அந்தப் பக்கம் அது பத்திரமாக இருக்கும்.

ஆனால், வரப்பு மட்டும் போதாது. வட்டே கெட்டுப்போனால் எல்லா வயலும் சேர்ந்தே போகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது, வரப்பு உள்ள வயலும் மூழ்கியது, இல்லாத வயலும் மூழ்கியது. அதனால்தான் 3-2-1 என்று ஒரு விதி சொல்வார்கள். மூன்று நகல், இரண்டு வகைக் கருவிகளில், ஒன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ. ஆச்சியின் பேச்சு இப்போது லேப்டாப்பில் ஒன்று, டவுண் வீட்டு அலமாரியில் பென் டிரைவில் ஒன்று, பாளையங்கோட்டையில் என்னிடம் ஒன்று.

அந்தக் கால் வினாடி மட்டும் எங்கும் இல்லை. அன்றே இன்னொரு நகல் எடுத்து வைத்திருந்தால் அதுவும் இருந்திருக்கும். உங்கள் வீட்டில் ஒரே ஒரு நகலாக இருப்பது எது? இந்த ஞாயிற்றுக்கிழமை அதை முதலில் பாருங்கள்.

செய்யுமுன் பாருங்கள்

1. நகல் எடுத்தீர்களா? எடுத்ததைத் திறந்து பார்த்தீர்களா?

2. மின்சாரம் நிலையாக இருக்கிறதா? பேட்டரி அல்லது இன்வெர்ட்டர் இல்லாமல் பகுதிகளை மாற்றாதீர்கள்.

3. விண்டோஸ் ஓடும் நிலையில் இருந்தால், அதை முழுமையாக அணையுங்கள். 'விரைவுத் தொடக்கம்' என்ற ஏற்பாடு இருந்தால், அணைத்தாலும் அது பாதி உறக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் பகுதிகளில் கை வைக்கக் கூடாது.

4. புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் பிட்லாக்கர் என்னும் பூட்டு இருக்கும். அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் எதையும் மாற்றாதீர்கள்.

5. பள்ளிக் கணினியிலோ பிறர் கணினியிலோ அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள்.

செய்து பாருங்கள்

எதுவும் இல்லாத பழைய பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஜிபார்ட்டட் நிரலைத் திறந்து, வலப்பக்க மேல் மூலையில் பென் டிரைவ்தான் தெரிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அதை இரண்டு பகுதியாக்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பைப் போடுங்கள். ஒன்றை மட்டும் ஃபார்மேட் செய்யுங்கள். மற்றதில் உள்ள கோப்பு என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

விடை சொல்லுங்கள்

அ) பழைய பகுப்பு அட்டவணையில் நான்கு முதன்மைப் பகுதிகளுக்கு மேல் ஏன் முடியாது?
ஆ) ஒரு பகுதியைச் சுருக்கும்போது பட்டாவை முதலில் மாற்றிவிட்டால் என்ன ஆகும்?
இ) 1000 ஜி.பி. என்று அச்சிட்ட வட்டை விண்டோஸ் எவ்வளவு என்று காட்டும்?

விடைகள்: அ) அட்டவணைக்கு 64 பைட், பகுதி ஒன்றுக்கு 16 பைட். ஆ) அடங்கலின்படி பயிர் நிற்கும் இடம் பட்டாவுக்கு வெளியே போய்விடும்; அங்கே வேறு பகுதி வந்தால் கோப்புகள் அழியும். இ) சுமார் 931 ஜி.பி.